சோகையும் வீணாகலாகாது

(பங்கின் பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா வருகிறதென்றால் பங்குச் சாமியார் என்ன பேசுவார் என்பது உங்களுக்கு மனப்பாடம். கோயில் கட்டிய வரலாறு, முன்னாள் பங்குத்தந்தையரின் தியாகம், நன்கொடையாளர்களுக்கு நன்றி. இவையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் முறைப்படி இடம்பெறும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கரி. ஆம், அடுப்பில் எரிக்கிற கரிதான். "சாமிக்கு வேறு பொருளா கிடைக்கவில்லை?" என்று முன்வரிசைப் பெரியவர்கள் சிரிப்பது நமக்குத் தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் இறுதிவரை கேட்டுவிட்டுப் போங்கள்.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு முதல் வெள்ளிக்கிழமை. நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்கக் கிளைக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தோம். உபதேசியார் உடன் வந்தார். ஒரு வீட்டில் வயது முதிர்ந்த பாட்டி ஒருவர். நன்மை வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் இருமினார். நாம் காத்திருந்தோம். அடுப்பங்கரையிலிருந்து வந்த புகை கூரைக்கும் தலைக்கும் நடுவே திரைபோல் தொங்கியது. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சவுக்கு மிளாரை அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தார். மூலையில் எரிவாயு சிலிண்டர் ஒன்று, பூப்போட்ட துணி போர்த்திக் கொலுவிருந்தது.

"அது இருக்கிறதே அம்மா, பிறகு ஏன் இந்தப் புகை?" என்று கேட்டோம்.

"அது காலி சாமி. வாங்கினாலும் விருந்தாளி வந்தாத்தான் பத்த வைப்போம். நமக்கு எப்பவும் இதுதான்."

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சாலையின் இருபுறமும் கரும்பு வெட்டி முடித்த வயல்கள். ஆலைக்குக் கரும்பு போய்விட்டது. வயலில் கிடந்த சோகைக்குத் தீ வைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு நெருப்பு. வானமெல்லாம் புகை. நம் வெள்ளை அங்கியின் மேல் கருப்புத் தூசு வந்து விழுந்தது. உபதேசியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வருசா வருசம் இதே கதைதான் சாமி" என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஒரே மாலையில் இரண்டு புகைகளைக் கண்டோம். வயலில் ஒருவருக்கும் பயன்படாமல் டன் கணக்கில் எரிபொருள் எரிகிறது. அதற்கு அரைக் கல் தூரத்தில் எரிபொருளுக்கு வழியில்லாமல் ஒரு தாய் புகையைத் தின்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போட முடியாதா? அந்தப் பாலம்தான் கரி.

கரி என்பது என்ன?

விறகோ, சோகையோ, கொட்டாங்கச்சியோ எரியும்போது முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பிறகு சூடு ஏற ஏற, பலவித வாயுக்களும் பிசுபிசுப்பான தாரும் கிளம்புகின்றன. அடுப்பில் சரியாக எரியாமல் தப்பி வரும் அவைதாம் கண்ணைக் கரிக்கிற, நெஞ்சை அடைக்கிற புகை. எல்லாம் போனபின் மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன். காற்றுத் தாராளமாக இருந்தால் அந்தக் கார்பனும் எரிந்து சாம்பலாகிவிடும். தக்க நேரத்தில் காற்றை அடைத்துவிட்டாலோ, அது கரியாக நின்றுவிடும். ஆகவே கரி என்பது தன் புகையை முன்கூட்டியே வெளியே விட்டுவிட்டு வந்த எரிபொருள். அந்தப் புகை வீட்டுக்குள் வராமல், ஊருக்கு வெளியே போய்விடுகிறது. இதுதான் இதன் இரகசியம்.

இது நாம் கண்டுபிடித்த வித்தை அன்று. 1920-களில் அமெரிக்காவில் கார் உற்பத்தி செய்த ஹென்றி ஃபோர்டு, தம் மர ஆலையில் மிஞ்சிய துண்டுகளையும் மரத்தூளையும் கரியாக்கி, மாவுப்பசை சேர்த்துக் கட்டிகளாக அழுத்தி விற்றார். கோடீசுவரரே மரத்தூளை வீணாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நமக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு மகாராட்டிரத்தில் உண்டு. புனே நகரில் 'ஆர்ட்டி' என்று அழைக்கப்படும் ஊரகத் தொழில்நுட்ப நிறுவனத்தில், தாவரவியல் அறிஞர் டாக்டர் ஆனந்த் கார்வேயும் அவரோடு உழைத்தவர்களும் இதே கரும்புச் சோகையை எடுத்துக்கொண்டார்கள். பெண் கல்விக்காகவும் விதவையர் மறுவாழ்வுக்காகவும் உழைத்து 1958-இல் பாரத ரத்னா விருது பெற்ற மகரிஷி தோண்டோ கேசவ் கார்வேயின் பேரர் இவர். அறுவடைக்குப் பின் ஓர் எக்டேரில் ஏறத்தாழ 10 டன் சோகை கிடக்கிறது. அது மாட்டுக்கும் உகந்த தீவனமன்று, எளிதில் மக்குவதுமில்லை, ஆகவே உழவர் கொளுத்திவிடுகிறார் என்பதை அவர்கள் கண்டார்கள். மூடிய பாத்திரங்களில் சோகையை அடைத்துச் சூளைக்குள் வைத்துச் சுட்டார்கள். பாத்திரத்திலிருந்து கிளம்பும் வாயுவே சூளையில் எரிந்து, மேலும் சூட்டைத் தந்தது. வந்த கரித்தூளைக் கட்டிகளாக்கினார்கள். இப்பணிக்கு 2002-இல் இங்கிலாந்தின் ஆஷ்டன் விருது கிடைத்தது. 100 கிராம் கரியைக் கொண்டே ஒரு சிறு குடும்பத்துக்குச் சோறும் குழம்பும் ஆவியில் வேகவைக்கும் அடுக்குப் பாத்திரம் ஒன்றையும் அந்நிறுவனத்தார் அமைத்துத் தந்தார்கள்.

கரீபியன் கடற்பகுதியில் உள்ள ஹெய்ட்டி நாட்டில், மக்கள் பெரும்பாலும் மரக்கரியில் சமைக்கிறார்கள். காடோ அருகிப் போயிற்று. அங்கே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஏமி ஸ்மித் என்ற ஆசிரியையும் மாணவர்களும், கரும்புச் சக்கையைப் பழைய எண்ணெய்ப் பீப்பாயில் சுட்டு, மரவள்ளி மாவுக் கஞ்சியில் பிசைந்து, கட்டிகள் செய்து காட்டினார்கள். பீப்பாயும் மரவள்ளியும் நம்மிடம் இல்லாத பொருள்களா?

நம் முற்றத்தில் நடந்தது

எனவே நாமும் இறங்கினோம். பங்கு இளைஞர் நால்வர், உபதேசியார், நாம். முதல் முயற்சி எப்படி முடிந்தது என்பதைக் கோயில் தெருவில் குடியிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்தின நாள் பெய்த மழையில் நனைந்த சோகை. மூட்டியவுடன் எழுந்த புகையில் கோயில் மணிக்கூண்டே மறைந்துபோயிற்று. சரி, அடங்கிவிட்டது என்று மூடிவைத்தோம். ஒரு மணி நேரம் ஆனதும் ஆவல் தாங்காமல் மூடியைத் திறந்தோம். உள்ளே கனன்றுகொண்டிருந்த கரி, காற்றுப் பட்டதும் நம் கண்ணெதிரே சிவந்து, வெளுத்து, ஒரு கூடைச் சாம்பலாயிற்று. "திருநீற்றுப் புதனுக்கு ஆகும் சாமி" என்றார் உபதேசியார். பொறுமை என்ற புண்ணியத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் வைத்திருக்கிறோம். அன்று ஒரு பீப்பாய் நமக்கே பிரசங்கம் வைத்தது.

பிறகு படிப்படியாகக் கற்றுக்கொண்டோம். செய்ய விரும்புவோருக்காக அம்முறையைச் சொல்லுகிறோம்.

200 லிட்டர் இரும்புப் பீப்பாய் ஒன்று வேண்டும். பூச்சிமருந்தோ இரசாயனமோ இருந்த பீப்பாய் கூடவே கூடாது. அடியில் ஐந்தாறு துளைகள். மேலே இறுக்கமாக மூடும் மூடி. பீப்பாயை மூன்று செங்கற்களின் மேல் நிறுத்தி, நன்றாகக் காய்ந்த சோகையைத் திணித்து, அடித்துளை வழியாகத் தீ மூட்ட வேண்டும். சோகை அமுங்க அமுங்க மேலும் போட வேண்டும். முதலில் வெள்ளையாகத் திரண்ட புகை வரும். அது ஈரமும் தாரும். புகை மெலிந்து நிறம் மங்கும்போது வேலை முடிந்தது என்று பொருள். உடனே கற்களை எடுத்துப் பீப்பாயைத் தரையில் இறக்கி, அடியைச் சுற்றி மண் அணைத்து, மூடியின் விளிம்பையும் சேறு பூசி அடைத்துவிட வேண்டும். இரும்பு கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை திறக்கலாகாது. மாலையில் மூடினால் மறுநாள் திருப்பலி முடிந்து திறப்பதே உத்தமம்.

கரியைச் சாக்கில் கட்டி மிதித்துத் தூளாக்குங்கள். 10 கிலோ தூளுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, கொழுக்கட்டை மாவின் பதத்துக்குப் பிசையுங்கள். களிமண் சேர்த்தாலும் ஒட்டும், ஆனால் சாம்பல் மிகும். ஒரு சாண் நீளக் குழாயும் அதற்குள் இறங்கும் கட்டையும் இருந்தால் அச்சு தயார். குத்தி எடுத்த கட்டிகளை மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். குமுட்டி அடுப்பில் இட்டால், பற்ற வைக்கும்போது சற்றுப் புகையும். பிடித்துக்கொண்டபின் புகையின்றி நின்று எரியும்.

கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். இந்த எளிய முறையில் 100 கிலோ சோகைக்கு 20 கிலோ அளவில் கரி கிடைத்தால் நல்ல வேலை என்று கொள்ளலாம். மீதி புகையாகவும் வெப்பமாகவும் போய்விடுகிறது. ஆகையால் நல்ல விறகை வெட்டிக் கரியாக்குவது நட்டம், மரத்துக்குச் செய்யும் துரோகமும் ஆகும். எப்படியும் வீணே எரியப்போகிற பொருளைக் கரியாக்குவது மட்டுமே இலாபம். சோகைக் கரியில் சாம்பலும் அதிகம். நம் தெருவில் துணி தேய்க்கும் சகோதரரிடம் ஒரு கூடை கொடுத்தோம். இரண்டாம் நாளே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்க சாமி, வெள்ளைச் சட்டையிலே சாம்பல் பறக்குது" என்றார். அவருக்குக் கொட்டாங்கச்சிக் கரிதான் சரி. சமையலுக்கு நம் கட்டி போதும். எதற்கு எது ஏற்றதென்று அறிவதும் விவேகமல்லவா?

எச்சரிக்கை

இப்போது சொல்வதைத் தாய்மார் கவனமாகக் கேட்க வேண்டும். கரி புகையாது. அதனாலேயே அது ஆபத்தானது.

குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு மலைப் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். டிசம்பர் மாதக் குளிர். ஓர் இரவு, அணையாத கரியடுப்பை அறைக்குள் எடுத்து வைத்து, குளிர்காற்று வராதபடி கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு செபமாலையைக் கையில் எடுத்தோம். இரண்டாம் மறையுண்மைக்குள் தலை வலித்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். எழ முயன்றபோது கால் நிற்கவில்லை. சமையற்காரர் வெந்நீர் கொண்டுவந்து கதவைத் தட்டியிராவிட்டால், இன்று உங்கள் முன் வேறொரு சாமியார் பேசிக்கொண்டிருப்பார். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகையாவது "எழுந்து ஓடு" என்று இருமவைக்கும். இது உறங்கவைத்தே கொல்லும். ஆகவே கரியடுப்பைத் திறந்த தாழ்வாரத்திலோ காற்றோட்டமான இடத்திலோ வையுங்கள். மூடிய அறைக்குள் ஒருபோதும் வேண்டாம். குழந்தைக்குக் குளிருகிறதே என்றும் வேண்டாம்.

இன்னும் மூன்று சொற்கள். முந்திரிக் கொட்டையின் தோட்டைப் பீப்பாயில் போடாதீர்கள். அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகையும் பொல்லாதது. பிளாஸ்டிக், சாயம் பூசிய மரம் எதுவும் கூடாது. இரண்டாவது, பீப்பாய் வேலையை வீடுகளுக்கு நடுவே செய்யாதீர்கள். நாம் செய்த தவறு அது. பாட்டியின் வீட்டுப் புகையை எடுத்துப் பக்கத்து வீட்டில் போடுவது பிறரன்பு ஆகாது. மூன்றாவது, மண்ணின் பங்கை மண்ணுக்கே விடுங்கள். மறுதாம்புக் கரும்புக்குச் சோகையை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும், களை அடங்கும், நாளடைவில் எருவாகும். உங்கள் வயலுக்கு அது இயலுமானால் அதுவே சிறந்தது. தீ வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று நீங்கள் நினைக்கிற சோகையைத்தான் நாம் கேட்கிறோம். சோகை இல்லாத ஊரில் துவரை மிளாரும் பருத்திமாரும் தென்னை மட்டையும் உண்டு.

யாருக்காக?

"எரிவாயு இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் ஏழைத் தாய்மார் பலருக்கு இணைப்புக் கிடைத்தது நல்ல காரியமே. எரிவாயு கரியைவிடத் தூய்மையானது. சிலிண்டர் வாங்க இயன்றவர்கள் அதையே எரியுங்கள். அதை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. ஆனால் இணைப்பு வேறு, அடுத்த சிலிண்டருக்குப் பணம் வேறு. பூப்போட்ட துணி போர்த்திய சிலிண்டர்கள் நம் பங்கில் எத்தனை என்று வீடு சந்திக்கப் போகும் மரியாயின் சேனையாருக்குத் தெரியும். வீட்டுக்குள் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 2 லட்சத்துக்கு மேல். இந்தக் கணக்கில் நம் ஊர் அடுப்பங்கரையும் அடங்கும்.

இன்னொன்று. இதுவும் பெண்கள் தலையில் விழும் மற்றொரு வேலையாகிவிடக் கூடாது. விறகு பொறுக்கியது அவர்கள், ஊதியது அவர்கள், இருமியது அவர்கள். சோகை சுமப்பதும், பீப்பாய் மூட்டுவதும், கரி மிதிப்பதும் ஆண்பிள்ளைகள் வேலையாக இருக்கட்டும். இளைஞர்களே, கை கருத்தால் கழுவிக்கொள்ளலாம்.

குருமடத்தில் கிரேக்கம் படித்தபோது நம் ஆசிரியர் ஒரு சொல்லைக் காட்டினார். 'அந்த்ரக்கியா' என்பது அது. கரி நெருப்பு என்று பொருள். புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் வருகிறது, இரண்டும் அருளப்பர் நற்செய்தியில். பெரிய குருவின் முற்றத்தில் ஒரு கரி நெருப்பு. அங்கே குளிர் காய்ந்துகொண்டே இராயப்பர் ஆண்டவரை மறுதலித்தார். உயிர்ப்புக்குப் பின் கடற்கரையில் இன்னொரு கரி நெருப்பு. இராவெல்லாம் உழைத்துப் பசியோடு வந்த சீடர்களுக்காக ஆண்டவர் அதன்மேல் மீன் வைத்திருந்தார். முதல் நெருப்பில் இராயப்பர் தம் குளிரை மட்டும் நினைத்தார். இரண்டாவது நெருப்பு பிறர் பசிக்காக மூட்டப்பட்டது. நம் விழாவின் நெருப்பு இவ்விரண்டில் எது என்று கேட்டுப்பாருங்கள்.

ஆகவே விழாக் குழுவினர்முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். வாணவேடிக்கைக்கென்று ஒதுக்கிய தொகையில் பாதியைக் கொடுங்கள். நான்கு பீப்பாய்களும், அச்சும், தார்ப்பாயும், கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால் ஒரு கொட்டகையும் அமைப்போம். வின்சென்ட் தே பவுல் சபையார் பன்னிரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுக்கட்டும். சாதி, மதம் பாராமல், அடுப்புப் புகையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். அவர்களுக்குக் குமுட்டி அடுப்பும் மாதந்தோறும் கரியும் கொடுப்போம். பன்னிரண்டு ஏன் தெரியுமா? அப்பம் பலுகிய அன்று எல்லோரும் உண்டு தீர்த்தபின், மீந்த துண்டுகளையும் வீணாக்காமல் சேர்க்கச் சொன்னார் ஆண்டவர். ஐந்து அப்பத்தைப் பெருக்கத் தெரிந்தவருக்கு மிச்சம் எதற்கு? ஆனாலும் பன்னிரண்டு கூடை நிறைந்தது. வீண் என்று எறியத்தக்க பொருள் அவர் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை, எறியத்தக்க மனிதரும் தென்படவில்லை.

அந்தப் பாட்டியைப் பற்றிக் கேட்பீர்கள். ஆறு மாதமாக அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நம் கரிதான் எரிகிறது. இருமல் நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். அத்தனை ஆண்டுப் புகை ஆறு மாதத்தில் போகாது. ஆனால் சென்ற முதல் வெள்ளியன்று, இடையில் நிறுத்தாமல் 'பரலோகத்திலிருக்கிற' செபத்தை முழுவதும் சொல்லி நன்மை வாங்கினார். பிறகு நம் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மாத்தலாகிப் போயிட்டா இந்தக் கரி யாரு குடுப்பாங்க சாமி?" என்று கேட்டார்.

நமக்குப் பதில் வரவில்லை. பங்குச் சாமியார்கள் வருவார்கள், போவார்கள். ஐம்பது ஆண்டுகளாக நிற்பது பங்கு மக்களாகிய நீங்கள்தாம். அந்தக் கேள்விக்குரிய பதிலை உங்களிடமே விட்டுவிடுகிறோம். அடுத்த கரும்பு வெட்டுக்கு முன் சொல்லுங்கள்.

இறைவன் உங்கள் வயல்களையும் அடுப்புகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.